கலைச்சொல் உதவி (அவசரம்): துருவத்துல வர்ற 'ஹீட்வேவ்'க்கு தமிழ்ல என்ன சொல்லலாம்?

அனுப்பியவர்: மார்த்தாண்டம் டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். எங்க பதினொண்ணாம் கிளாஸ் பிள்ளைங்க துருவப் பகுதிகளோட காலநிலையை எப்படி கண்காணிக்கிறாங்கன்னு ஒரு சின்ன புத்தகம் போடுதாங்க, திங்கக்கிழமை காலைல பிரஸ்ல ஃபைல் குடுத்தே ஆகணும், அதுக்கு மேல அவங்க காத்திருக்க மாட்டாங்க. போலார் ஹீட்வேவ்னு வர்ற இடத்துல எல்லாம் 'துருவ வெப்ப அலை'ன்னு எழுதியிருக்காங்க. நேத்து கிளாஸ்ல ஒரு பொண்ணு எந்திரிச்சு கேட்டா, டீச்சர் எங்க வீட்டு ஃப்ரீசரே மைனஸ் 18, அண்டார்டிகாவுல மைனஸ் 12ன்னா அதுக்கு ஏன் வெப்பம்னு பேரு வச்சாங்கன்னு.

அவ சொன்னது 2022 மார்ச் 18 சம்பவம். கிழக்கு அண்டார்டிகாவுல டோம் சி மேட்டுல கான்கார்டியா நிலையம் இருக்கு, கடல் மட்டத்துல இருந்து 3,200 மீட்டருக்கு மேல. அந்த மாசத்துல அங்க மைனஸ் 50 பக்கம் இருக்கணும், அன்னைக்கு மைனஸ் 12ஐயும் தாண்டி மேல ஏறிட்டு. வழக்கத்தை விட சுமார் 38, 39 டிகிரி கூடுதல். அதே புத்தகத்துல சைபீரியா வெர்கயான்ஸ்கும் வருது, ஆர்க்டிக் வட்டத்துக்குள்ள இருக்க ஊரு, 2020 ஜூன் 20ல 38 டிகிரி, இது நம்ம நாகர்கோவில் வெயிலை விட அதிகம். ரெண்டுக்கும் சேர்த்து ஒரே சொல் வேணும், பிள்ளைங்களுக்கு வாயில வரணும். கூடவே 'அனாமலி' (வழக்கத்தை விட எவ்வளவு கூடுதல், குறைவுங்கிறது), 'மானிட்டரிங்' ரெண்டுக்கும் நல்ல சொல் இருந்தா சொல்லுங்க.

---

அனுப்பியவர்: நாகர்கோவில் புலவர்

டீச்சருக்கு வணக்கம். முதல்ல 'துருவம்' வேண்டாம், அது வடசொல். முனைன்னு நம்மகிட்ட நல்ல சொல் இருக்கும்போது கடன் எதுக்கு? வடமுனை, தென்முனை. 'அலை'யும் வேண்டாம், வேவ்ங்கிற சொல்லுக்கு அகராதியை பாத்து போட்டது அது, வெப்பத்துக்கு அலையடிக்கிற பழக்கம் தமிழ்ல இல்ல.

'வெ'ங்கிற வேர்ல இருந்து எத்தனை சொல் பிறந்திருக்கு பாருங்க: வெம்மை, வெம்பல், வெதும்பல், வெதுப்பு, வெயில், வெய்யோன், வேனில், வேது, வேக்காடு, நாம தினம் சொல்ற வெக்கை. ஒவ்வொண்ணுக்கும் சூட்டோட அளவு வேற. வெதுவெதுன்னா தொடலாம், வெந்தா தொடக்கூடாது, வெம்பினா உள்ளுக்குள்ளயே காஞ்சு போச்சு. வெம்பின மாங்காய் வெளிய பாத்தா பழுத்த மாதிரிதான் இருக்கும், அது தன் பருவத்துக்கு முன்னால சூடுபட்ட காய். பருவம் தப்பி வர்ற சூட்டுக்கு இந்த வேர்தான் பொருத்தம். என்னோட பரிந்துரை 'முனைவெம்மை'. நாலு நாள் சொல்லிப் பழகுனா நாக்குல நிக்கும்.

---

அனுப்பியவர்: அருமனை மொழிபெயர்ப்பாளர்

புலவர் ஐயா மன்னிக்கணும், முனைவெம்மை இந்த மாவட்டத்துல செல்லாது. நம்ம பிள்ளைகிட்ட தென்முனை எதுன்னு கேளுங்க, கன்னியாகுமரின்னுதான் சொல்லும், இந்தியாவோட தென்முனைன்னு மூணாங்கிளாஸ்ல இருந்து படிச்சது அப்படி. குமரிமுனைன்னே நாம ஊரைச் சொல்லுதோம். 'தென்முனை வெம்மை'ன்னு தலைப்பு போட்டா நம்ம ஊரு வெயிலைப் பத்தின புத்தகம்னு நெனச்சு வாங்குவாங்க.

இன்னொண்ணு, ஐயாவுக்கு தெரியாதது இல்ல, தொல்காப்பியம் உரியியல்ல 'வெம்மை வேண்டல்'னு இருக்கு, அதாவது விருப்பம். அதே இயல்ல 'முனைவு முனிவாகும்'னும் இருக்கு, அது வெறுப்பு. முனைவெம்மையை ஒரு இலக்கணக்காரர் பிரிச்சு படிச்சா வெறுப்பும் விருப்பமும் ஒரே சொல்லுக்குள்ள வந்து நிக்கும்.

பத்திரிகை, டிவி, வானிலை அறிக்கை எல்லாத்துலயும் வெப்ப அலை பழகிட்டு. 2024ல தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சப்போ இதே சொல்லுதான். பழகின சொல்லு மேல துருவத்தை சேத்தா போதும், திங்கக்கிழமை ஃபைல் போயிரும்.

---

அனுப்பியவர்: தக்கலை பௌதிகம்

> பழகின சொல்லு மேல துருவத்தை சேத்தா போதும்

அங்கதான் சிக்கலே. நம்ம இந்திய வானிலை ஆய்வு மையம் வெப்ப அலைன்னு எப்போ சொல்லும்? சமவெளியில 40 டிகிரியாவது தொடணும், கடற்கரையில 37, மலையில 30. அதுக்குப் பிறகுதான் வழக்கத்தை விட 4.5 டிகிரி கூடுதலான்னு பாக்கும். முதல் நிபந்தனையிலயே அண்டார்டிகா வெளிய போயிரும். டோம் சியில 39 டிகிரி கூடினாலும் நம்ம கணக்குப்படி அது வெப்ப அலை ஆகாது. அந்தப் பொண்ணு கேட்டது சரியான கேள்வி, அவளுக்கு சொல்லுங்க. அங்க எவ்வளவு சூடுன்னு பாத்து பிரயோஜனம் இல்ல, அந்த இடம் அதுக்குரிய நிலைமையில இருந்து எவ்வளவு விலகிச்சுன்னுதான் பாக்கணும். நாம தேடுற சொல்லு இந்த விலகலைச் சொல்லணும், சூட்டைச் சொன்னா மட்டும் போதாது.

காரணத்தையும் புத்தகத்துல போடுங்க, இல்லன்னா சொல்லு தனியா நிக்கும். மார்ச்சுல அங்க இலையுதிர் காலம், சூரியன் சாயுற நேரம், வெயிலால வந்த சூடு இல்ல இது. ஆஸ்திரேலியா பக்கமிருந்து ஈரக்காத்து ஒரு நீண்ட பட்டையா உள்ள போச்சு, வளிமண்டல ஆறுன்னு சொல்லுதாங்க. பக்கத்துல ஒரு உயரழுத்தம் நகராம நின்னு அந்தக் காத்தை கண்டத்தோட நடுவுக்கே தள்ளி விட்டுட்டு. வழக்கமா அங்க தரையை ஒட்டின காத்துதான் ரொம்பக் குளிரு, மேல போகப் போக கொஞ்சம் சூடு. ஈரமும் மேகமும் வந்து மூடினதும் தரையில இருந்து போற வெப்பம் தப்ப முடியாம அந்த அடுக்கு கலைஞ்சு போச்சு. கரையோரம் உருகவும் செஞ்சுது, உள்ள பயங்கரமா பனியும் கொட்டிச்சு. அந்தக் கரையில கடல் மேல மிதந்த கான்கர் பனித்தட்டு உடைஞ்சு போனதும் அதே மார்ச் மத்தியிலதான்.

அளக்கறதைப் பத்தி ஒரு விஷயம், பிள்ளைங்களுக்கு ரொம்ப புடிக்கும். 2020 பிப்ரவரில அண்டார்டிகா தீபகற்பத்துல ரெண்டு செய்தி வந்துச்சு. எஸ்பெரான்சா நிலையத்துல 18.3 டிகிரி, சேமோர் தீவுல 20.75 டிகிரி. உலக வானிலை அமைப்பு ரெண்டையும் பரிசோதிச்சு, 2021ல முதல்தை ஏத்துகிட்டு ரெண்டாவதை தள்ளிட்டு. ஏன்னா சேமோர்ல உணர்கருவிக்கு மேல போட்டிருந்த வெயில் மறைப்பு சரியானது இல்ல. நம்ம பள்ளிக்கூட மைதானத்து மூலையில வெள்ளை அடிச்ச, பக்கமெல்லாம் சாய்வுப் பலகை வச்ச மரப்பெட்டி நிக்கும்ல, அதோட வேலை வெயிலை மறைச்சு காத்தை மட்டும் உள்ள விடறது. பனி மேல இந்த வேலை இன்னும் கஷ்டம், வெயில் மேல இருந்து மட்டும் வராது, கீழ பனியில பட்டு திரும்பியும் வரும், காத்து ஓயுற நேரத்துல மறைப்பே சூடாகி கருவி அந்தச் சூட்டைக் காட்டும். சாதனை எண்ணை தள்ளி வைக்கிற அளவுக்கு கவனம் இருக்கறதாலதான் மீதி எண்களை நம்ப முடியுது.

அனாமலிக்கு எனக்கு 'பிறழ்வு' சரின்னு படுது. 'விலக்கம்' கணக்குல திட்ட விலக்கமா போயாச்சு. சொல்லு: 'துருவ வெப்பப் பிறழ்வு'.

---

அனுப்பியவர்: அருமனை மொழிபெயர்ப்பாளர்

சார், பிறழ்வுன்னா மனப்பிறழ்வு, பிறழ்சாட்சி ஞாபகம்தான் வரும். வெப்பம் என்ன தப்பு செஞ்சுது? காலநிலை மாறினது நாம போட்ட புகையாலதானே. பிறழ்வுன்னா இயற்கை தானா கோணிப்போன மாதிரி தொனிக்குது. 'வெப்ப மிகை'ன்னு வைக்கலாமா?

---

அனுப்பியவர்: தக்கலை பௌதிகம்

வெப்ப மிகை அளவுக்கு நல்லா இருக்கு, "அன்னைக்கு வெப்ப மிகை 39 டிகிரி"ன்னு சொன்னா யாருக்கும் புரியும். ஆனா அனாமலி கீழயும் போகும், மைனஸ் 5ன்னா மிகை எப்படி? 'குறை'ன்னு இன்னொண்ணு வைக்கணும். நிகழ்ச்சிக்கும் அந்தப் பேரை வைக்க முடியாது. மிகைவெப்பம்னு சேத்து எழுதினா பாதிப் பேரு எஞ்சின் ஓவர்ஹீட்னு படிப்பான்.

---

அனுப்பியவர்: நாகர்கோவில் புலவர்

வெம்மைக்கு விருப்பம்னும் பொருள் உண்டுங்கிறது உண்மை, ஆனா இடம் பாத்துப் பொருள் கொள்றதுதான் முறை, அகராதியில உள்ள எல்லா பொருளையும் ஒரு சொல்லு மேல ஏத்தினா எந்தச் சொல்லும் நிக்காது. முனை பத்தி அருமனை தம்பி சொன்னதை ஏத்துக்கிடுதேன், இந்த மாவட்டத்துல அது குமரிமுனைதான்.

ஆனா "பழகினது போதும்"ங்கிறதை ஏத்துக்க மாட்டேன். 1954 ஆகஸ்ட் 11ல மார்த்தாண்டத்திலயும் புதுக்கடையிலயும் துப்பாக்கிச்சூட்டுல ஆளுங்க செத்தாங்க, இந்த மண்ணு தமிழ்நாட்டோட சேரணும்னு. 56ல சேந்தோம். அப்படி வந்த ஊர்ல இருந்து தமிழ்ல ஒரு அறிவியல் புத்தகம் வருதுன்னா, அதுல புதுசா ஒரு சொல்லாவது நம்முடையதா இருக்கணும்னு ஆசைப்படுறது தப்பா?

தக்கலை சார் சொன்ன 'தன் நிலைமையில இருந்து விலகறது'க்கு சிலப்பதிகாரத்துல வழி இருக்கு. காடுகாண் காதையில 'முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து நல்லியல்பு இழந்து' பாலை ஆகும்னு வருது. வெயில் ஏறி ஒரு நிலம் தன் இயல்பை இழந்து வேற நிலமா மாறுறதை ஒரே வினைச்சொல்லுல சொல்லிட்டார்: திரிதல். பாலைக்குன்னு தனி நிலம் கிடையாது, திரிஞ்ச நிலம்தான் பாலை. பனிநிலம் திரியுது, அதுக்கு 'திரிவெம்மை'. பால் திரிஞ்சு போச்சுன்னு பிள்ளைங்களும் சொல்லுது, புதுசா படிச்சுக் குடுக்க வேண்டியதில்ல. இது எனக்கு முனைவெம்மையை விட புடிச்சிருக்கு.

---

அனுப்பியவர்: அகஸ்தீஸ்வரம் நூலகர்

திரிவெம்மை அழகு. கொஞ்சம் விலகிப் போறேன், பொறுத்துக்கிடுங்க. ஆர்க்டிக்குங்கிறது கிரேக்கத்துல கரடின்னு அர்த்தமுள்ள ஆர்க்டோஸ்ல இருந்து வந்தது, வடக்கு வானத்துல கரடி வடிவத்துல அவங்க பாத்த விண்மீன் கூட்டம். அதே கூட்டத்தோட பெரிய ஏழு மீனைத்தான் நற்றிணையில 'கைதொழு மரபின் எழுமீன்'னு சொல்லுது. ஆர்க்டிக்கை 'எழுமீன்புலம்'னும் அண்டார்டிகாவை 'எதிர்மீன்புலம்'னும் சொன்னா என்ன? கரடிதான் வேணும்னா எண்கு இருக்கு, உளியமும் இருக்கு, 'எண்குப்புலம்'. அண்டார்டிகாவுல கரடியே கிடையாதுங்கிறதும் பொருந்தி வருது.

---

அனுப்பியவர்: மார்த்தாண்டம் டீச்சர்

அண்ணாச்சி, எழுமீன்புலம் கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா வரைபடத்துல ஆர்க்டிக், அண்டார்டிகான்னுதான் பிள்ளைங்க தேடணும், ஊர்ப் பேரை மாத்த வேண்டாம். மானிட்டரிங்குக்கு யாரும் ஒண்ணும் சொல்லலியே?

---

அனுப்பியவர்: குலசேகரம்

கண்காணிப்புங்கிற சொல்லு எனக்கு ஒவ்வல. எங்க பக்கம் எஸ்டேட்ல கங்காணின்னா தெரியும், ஆளுக்குப் பின்னாலயே நின்னு விரட்டுறவரு. கண்காணிங்கிற சொல்லுதான் தேஞ்சு கங்காணி ஆச்சு. எங்க அம்மாவுக்கு ரப்பர் வெட்டுல அந்தப் பேரைக் கேட்டாலே முகம் மாறும். கண்காணிப்பு கேமரான்னா கள்ளனைப் புடிக்கறது. பனியை எதுக்கு அப்படி?

அதோட, கண்ணே இல்லாமதான் இதுல பாதி வேலை நடக்குது. துருவத்துல மாசக்கணக்கா இருட்டு, மேகம் வேற, எந்தக் கண்ணும் பாக்க முடியாது. செயற்கைக்கோள்ல இருக்க மைக்ரோவேவ் கருவிதான் 1970கள் கடைசியில இருந்து விடாம கடல்பனியை அளந்துகிட்டு வருது, பனியே அனுப்புற மெல்லிய கதிர்வீச்சு இருட்டையும் மேகத்தையும் தாண்டி வரும். கிரேஸ் செயற்கைக்கோள் ஜோடி 2002ல இருந்து 2017 வரைக்கும் பனியோட எடையையே ஈர்ப்பு விசையால பாத்துது, ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் உள்ள தூரம் எவ்வளவு மாறுதுன்னு வச்சு. நம்ம நாட்டுக்காரங்க ஸ்வால்பார்டு தீவுல 2014ல ஃபியோர்டு (மலைக்கு நடுவுல கடல் உள்ள புகுந்த இடம்) தண்ணிக்குள்ள இண்டார்க்குன்னு கருவிகளை கட்டித் தொங்க விட்டாங்க, தண்ணி சூட்டையும் உப்பையும் அது அளக்கும். இதுல எது கண்? 'தொடரளவை'ன்னு நான் சொல்லுவேன். தொடர்ந்து அளக்கறது.

---

அனுப்பியவர்: நாகர்கோவில் புலவர்

அம்மா மனசு புரியுது. ஆனா கண்காணிப்பு நல்ல தமிழ், கங்காணி செஞ்ச பாவத்துக்கு சொல்லை தண்டிக்க வேண்டாம். தொடரளவைன்னா வெறும் அளவெடுப்பு மட்டும்தான் வருது. எச்சரிக்கையா இருக்கறது, மாறினா உடனே சொல்றது, அதெல்லாம் கண்காணிப்புல இருக்கு.

---

அனுப்பியவர்: தூத்தூர்

நான் கடல்காரன் வீட்டுப் பிள்ளை, இலக்கணம் தெரியாது, ஒரு விஷயம் சொல்லணும்னு தோணிச்சு. 'துருவ வெப்ப அலை'ன்னு போட்டா எங்க ஊர்ப் பிள்ளைங்க என்ன நெனைக்கும் தெரியுமா, தெக்க இருந்து சூடான அலை வருதுன்னு நெனைக்கும். சிரிக்காதீங்க, அலை உண்மையாவே வருது. இந்தியப் பெருங்கடலோட தெக்கு ஓரத்துல புயல் அடிச்சா, நாலஞ்சு நாள் கழிச்சு எங்க கரையில காத்தும் இல்லாம மழையும் இல்லாம கடல் ஏறும். முதல்ல அலைக்கும் அலைக்கும் இடையில நேரம் நீளும், கட்டுமரத்துல நிக்கறவன் காலுக்கு கீழ அது தெரியும், பிறகு தண்ணி உள்ள இழுத்துட்டு கரையை ஏறி வரும். கள்ளன் மாதிரி சத்தமில்லாம வரதால கள்ளக்கடல். 2024 மே 6ல லெமூர் கடற்கரையில மருத்துவ மாணவங்க 5 பேரை கொண்டு போனதும் அதுதான், அன்னைக்கு வானம் தெளிவா இருந்துச்சு. அதுக்கும் துருவத்துச் சூட்டுக்கும் சம்பந்தம்னு நான் சொல்ல வரல, அது புயலால வர்றது. ஆனா எங்களுக்கு அலைன்னா உசிரு சம்பந்தப்பட்ட சொல்லு, அதை காத்துச் சூட்டுக்கு குடுத்தா கொழப்பம் வரும்.

அந்தக் கள்ளக்கடலுங்கிற சொல்லையும் பாருங்க. கேரளா கரையிலயும் நம்ம கரையிலயும் மீன்காரங்க சொன்ன சொல்லு, எந்த அறிஞரும் உருவாக்கல, 2012ல யுனெஸ்கோ ஏத்துகிட்டு, இப்போ ஹைதராபாத்துல இருக்க கடல் தகவல் மையம் இன்காய்ஸ் குடுக்கிற எச்சரிக்கையே கள்ளக்கடல்னுதான் வருது. ஒக்கி புயல் நேரத்துல ஆழ்கடல்ல கிடந்தவங்களுக்கு செய்தி போய்ச் சேரல, அதுக்குப் பிறகு எங்களுக்கு சொல்லு புரியறது எவ்வளவு முக்கியம்னு நல்லா தெரியும். என்னைக் கேட்டா 'துருவச் சூடு'. சூடுன்னு விளவங்கோட்டுல யாரும் சொல்லுவாங்க.

---

அனுப்பியவர்: நாகர்கோவில் புலவர்

சூடு மலையாள வாடைன்னு சொல்ல வந்தேன், அப்படி இல்ல, சுடு-சூடு தமிழ்தான், புதுக்கடையில நின்னவங்களும் சூடுன்னுதான் சொல்லியிருப்பாங்க. செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்தும் உள்ள சொல்லை திசைச்சொல்னு தொல்காப்பியர் தள்ளாம சேத்துதான் வச்சார், காப்புக்காட்டுக்காரர்னு நாம கொண்டாடுற அவரே. ஆனா 'சூடு' மட்டும்னா தக்கலை சார் சொன்ன விலகல் அதுல இல்ல. 'திரிசூடு'?

---

அனுப்பியவர்: தக்கலை பௌதிகம்

திரிசூடுன்னா விளக்குத்திரி சூடுன்னு எடுத்துக்குவாங்க ஐயா. திரிவெம்மைக்கு நான் எதிரி இல்ல, ஆனா பிள்ளை நாளைக்கு கூகிள்ல தேடினா ஒண்ணும் வராது. வெப்ப அலைன்னு தேடினா வரும். 1979ல இருந்து ஆர்க்டிக் மீதி உலகத்தை விட கிட்டத்தட்ட நாலு மடங்கு வேகமா சூடாகுது, 2021 ஆகஸ்ட்ல கிரீன்லாந்து பனிமுகட்டுல, பனி மட்டுமே விழுற உச்சியில, மழை பெய்ஞ்சுது, 2023 பிப்ரவரியில அண்டார்டிகா கடல்பனி செயற்கைக்கோள் காலத்துலயே குறைஞ்ச அளவுக்கு போச்சு. இதெல்லாம் அந்தப் பிள்ளை மேல படிக்கணும், நாம வைக்கிற பேரு வழியை மறிச்சிரக் கூடாது.

---

அனுப்பியவர்: மார்த்தாண்டம் டீச்சர்

ஞாயித்துக்கிழமை ராத்திரி ஆயாச்சு, இதோட நிறுத்துதேன். தலைப்புலயும் அட்டையிலயும் 'துருவ வெப்ப அலை'ன்னே போகுது, எழுதினவங்கள்ல அதிகம் பேரு அதுக்கு சரின்னுட்டாங்க, சிலர் தனியா எழுதினாங்க. முதல் பக்கத்துலயே ரெண்டு வரி இருக்கும்: இது கடல் அலை இல்ல, ஒரு இடம் அந்தக் காலத்துல வழக்கமா இருக்கறதை விட பல நாள் ரொம்ப சூடா இருந்தா இந்தப் பேரு, மைனஸ்ல இருந்தாலும். அட்டவணையில அனாமலிக்கு சொல்லே வைக்கல, 'வழக்கத்தை விட எத்தனை டிகிரி கூடுதல் / குறைவு'ன்னு தலைப்பு, அந்தப் பொண்ணுதான் சொன்னா, எல்லாருக்கும் புரிஞ்சுது. மானிட்டரிங் கண்காணிப்பாவே இருக்கட்டும், குலசேகரம் அக்கா கோவிச்சுக்கிடக் கூடாது. கருவிகளைப் பத்தின அதிகாரத்துக்கு மட்டும் 'தொடர்ந்து அளப்பது எப்படி'ன்னு பேரு வச்சிருக்கேன்.

---

அனுப்பியவர்: தூத்தூர்

ரெண்டு வரி விளக்கம் போட்டதுக்கு நன்றி டீச்சர். ஆனா விளக்கம் வேணுங்கிற சொல்லு சரியான சொல்லு இல்லன்னுதான் இப்பவும் சொல்லுதேன். எங்க ஊரு வாசகசாலைக்கு 20 காப்பி அனுப்புங்க, பிள்ளைங்க என்ன பேரு சொல்லுதுன்னு கேட்டு எழுதுதேன்.

---

அனுப்பியவர்: நாகர்கோவில் புலவர்

பெரும்பான்மைக்கு கட்டுப்படுறேன், என் மறுப்பு குழுவுல இருக்கட்டும். அடைப்புக்குறிக்குள்ளயாவது ஒரே ஒரு இடத்துல திரிவெம்மையைப் போட முடியுமா? பிரஸ்காரர் பக்கத்தை கட்டிட்டார்னா அடுத்த பதிப்புக்கு எடுத்து வைங்க. எழுமீன்புலம் பத்தி அகஸ்தீஸ்வரம் தம்பிக்கு தனியா எழுதுதேன், எதிர்மீனுக்கு வேர் சரியில்ல, தென்மீன்னு போட்டா அகத்திய மீனோட சேத்துப் பேசலாம்.